தைரட்ரான் மாற்றியபோது கண்டது

20 கிலோவோல்ட்டில் ஓடும் லேசர் பல்ஸ் சர்க்யூட் அது. அதில் ஸ்விட்சாக இருக்கும் வாயு நிரப்பிய டியூபான தைரட்ரான், ட்ரிக்கர் சிக்னல் வராமலே அடிக்கடி தானாக ஃபயர் ஆகும், அதாவது ஆன் ஆகிவிடும். டியூபை மாற்றினால் கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடும், பிறகு பழைய கதைதான். எல்லோரும் ட்ரிக்கரைச் சந்தேகித்தார்கள். நான் கேத்தோடு வயரில் கரண்ட் காயிலை மாட்டி ஆசிலோஸ்கோப்பில் பார்த்தேன். முதல் அரை அலை முடிந்ததும் கோடு பூஜ்ஜியத்துக்குக் கீழே ஆழமாக இறங்கிற்று. ரிவர்ஸ் கரண்ட்!

கெப்பாசிட்டர் 50 நானோ ஃபாரட், லூப் இண்டக்டன்ஸ் சுமார் 500 நானோ ஹென்றி. கணக்குப்படி உச்சக் கரண்ட் 6 கிலோ ஆம்பியருக்கு மேல். சாதாரண ஹைட்ரஜன் தைரட்ரானில் கரண்ட் திரும்பினால் ஆனோடு கேத்தோடாக நடிக்க வேண்டிவரும். ஆர்க் பிடித்து அதன் முகம் குழிகுழியாகும். வாங்கும்போது உச்சக் கரண்டை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

மாற்று ஸ்விட்சுகளையும் யோசித்தேன். ஸ்பார்க் கேப் ரிவர்ஸைத் தாங்கும், ஆனால் எலக்ட்ரோடு தேயும். இக்னிட்ரானில் பாதரசம், தொடர் பல்ஸுக்கு மந்தம். ஆனோடில் குழி உள்ள தைரட்ரானான ஹாலோ ஆனோடு டியூபைத் தேர்ந்தெடுத்தேன். ஆனோடின் உட்குழியில் தங்கும் பிளாஸ்மாவே திரும்பும் கரண்டைச் சுமக்கிறது.

போட்டதும் ரிசர்வாயர் (டியூபுக்குள் வாயுவைச் சேமித்து வெளியிடும் பகுதி) ஹீட்டர் வோல்ட்டேஜை சப்ளையில் பார்க்காமல் டியூப் பின்னிலேயே அளந்தேன். அதைக் கூட்டினால் வாயு அழுத்தம் ஏறும், டியூப் சட்டென்று ஆன் ஆகும். அளவு மீறினால் மறுபடி தானாக ஃபயர். அந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினேன். இப்போது ஆனோடு சூடும் குறைவு, ஆன் ஆகும் நேரம் பல்ஸுக்குப் பல்ஸ் தடுமாறும் ஜிட்டரும் அடங்கிவிட்டது.