வெற்றுப் பக்கத்தில் விழும் கையெழுத்து

கிராம சபைக்கு இப்போது இளவட்டங்கள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் மானூர், பாப்பாக்குடி, நாங்குநேரி என்று நெல்லை மாவட்டத்தில் எந்த ஒன்றியத்தில் பார்த்தாலும், பெரியவர்கள் சறுக்கிய அதே இடத்தில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். தாமதமாக வருவது, மைக்கைப் பிடித்துக் கத்துவது எல்லாம் நாளடைவில் சரியாகிவிடும். சரியாகாதவை வேறு.

கூட்டத்துக்கு முன்பே கையெழுத்து

எரிச்சலைக் கிளப்புவது இதுதான். பந்தலுக்குள் நுழைந்ததும் நோட்டு நீளும். "அண்ணாச்சி, முதல்ல ஒரு கையெழுத்த போட்டிருங்க, தீர்மானத்தப் பொறவு எழுதிக்கிடுவோம்." ஒரு கையில் டீ, மறு கையில் பேனா. போட்டுவிட்டுப் பாதிப் பேர் வயலுக்கோ பீடிக்கடைக்கோ கிளம்பிவிடுவார்கள்.

நோட்டு எதற்காக நீளுகிறது? குறைவெண் வரம்புக்காக. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை தாளில் சேர்ந்துவிட்டால் கூட்டம் செல்லும். கையெழுத்துக்கு மேலே காலியாகக் கிடக்கும் பக்கத்தில் பிறகு எது ஏறினாலும், அது கையெழுத்திட்ட அத்தனை பேரின் முடிவு. ஆறு மாதம் கழித்து வேலை வேறு தெருவுக்குப் போனது ஏன் என்று கேட்டால், "நீயுந்தானல கையெழுத்து போட்டிருக்க" என்று நோட்டைத் திருப்பிக் காட்டுவார்கள். அதற்குப் பதில் கிடையாது. பணம் போவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. கையெழுத்திட்டவன் காசு வாங்கிவிட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரரே பேச ஆரம்பிப்பார். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள்.

வருகைப் பக்கத்தின் தலையில் தேதி, இடம், "வருகை மட்டும்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லிவிட்டு, வரிசை எண் போட்ட பிறகு கையெழுத்திடுங்கள். தீர்மானங்களுக்கு எண் வேண்டும். கூட்டம் கலையும் முன் எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்க வேண்டும். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே மிச்சமிருக்கும் இடத்தைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். பிறகு பக்கம் பக்கமாக போனில் படம் எடுங்கள். தலைவரோ செயலரோ முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வாசகத்திலும் ஓட்டை இருக்கும். "மேலத் தெருவுக்குச் சாலை வசதி செய்ய வேண்டும்" என்பது தீர்மானமே இல்லை. பத்து மீட்டர் போட்டாலும் கணக்கு நேராகிவிடும். "3-வது வார்டு, மேலத் தெரு, ரேஷன் கடை முதல் ஓடைப் பாலம் வரை, 120 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், சிமென்ட் சாலை" என்று எழுதினால், பிறகு டேப்பைப் பிடித்து அளந்து பார்க்கலாம். எந்த நிதி, எவ்வளவு தொகை என்பதும் அதே பத்தியில் வர வேண்டும்.

உடன்பாடு இல்லையென்றால் எதிர்ப்பையும் காரணத்தோடு பதியச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் எதிர்ப்பது வேறு சங்கதி. நம் மானூர்க் கோயில் கல்வெட்டு, சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முந்தையது, சபையில் எதற்கெடுத்தாலும் "அன்று" (அதாவது "இல்லை, கூடாது") என்று குத்துக்கால் போடுகிறவருக்கும் அவரோடு கூட நிற்கிறவருக்கும் ஐந்து காசு தண்டம் என்கிறது. (நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே அந்தச் சபையில் இடம். பெருமை பேச வேண்டாம். இந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.)

ஆள் மாறிக் கேட்பது

தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை ஊராட்சியின் வேலை. பட்டா தாசில்தாருடையது, கிராம சபையில் அதற்கு அழுது பயனில்லை. குளத்தில்தான் ரொம்பப் பேர் தடுமாறுகிறார்கள். ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். மடை உடைந்தால் முதலில் ஆயக்கட்டு எவ்வளவு என்று கேளுங்கள்.

எடுத்த எடுப்பில் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கொக்கிரகுளத்துக்கு பஸ் ஏறுவதும் இதே வகைதான். திங்கட்கிழமை அங்கே கொடுத்த மனு, பெரும்பாலும் நீங்கள் தாண்டிப் போன அதே ஒன்றிய அலுவலகத்துக்குத்தான் திரும்பி வரும்.

தகவல் மனுவில் "ஏன்" என்று கேட்பது

2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கம் சொல்லாது. "சாலை ஏன் போடவில்லை?" என்று கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மதிப்பீட்டின் நகல், அளவைப் புத்தகத்தின் நகல், பணம் பட்டுவாடா செய்த ரசீதின் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இந்தத் தேதியைத் தவற விடுகிறவர்கள்தான் அதிகம். மனு தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால் பயப்பட வேண்டாம். 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

ரசீது இல்லாமல் வீட்டு வரி

வேண்டாம்.

ஊர்க்கூட்டத்தைக் கிராம சபை என்று நினைப்பது

கோயில் முன்னால் கூடி, கோயிலுக்கு வரி கொடுக்கிற வரிக்காரர் மட்டும் பேசி, கொடைத் திருவிழா நாளையும் குளத்து மீன் ஏலத்தையும் முடிவு செய்வது ஊர்க்கூட்டம். அங்கே பெண்களும் கிடையாது, காலனித் தெருவும் கிடையாது. கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரும் உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் அதைக் கூட்ட வேண்டும். கோயில், சர்ச், பள்ளிவாசல் வளாகத்தில் கூட்டக் கூடாது. ஊர்க்கூட்டத்தில் முந்தின நாள் இரவே பேசி முடித்துவிட்டு, மறுநாள் சபையில் வாசிக்க மட்டும் வைக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அறிவிப்பு ஏழு நாள் முன்னால் வந்ததும் இடத்தைப் பாருங்கள். வருடம் முழுக்க ஒரே தெருவில் நடக்கிறதென்றால், அடுத்த கூட்டம் எந்தக் குக்கிராமத்தில் என்பதையே முதல் தீர்மானமாக வையுங்கள்.