மகள் செல்லுக்குப் போகும் ஆர்.என்.ஏ: உயிருள்ள ஈஸ்ட்டில் பார்க்கும் முறை

மோட்டார் புரதம் ஆர்.என்.ஏ-வைச் சுமந்து போவதைப் பார்த்துப் பழக ரொட்டி ஈஸ்ட்டின் ஆஷ்1 தூது ஆர்.என்.ஏ நல்ல இடம். தாய்ச் செல்லின் உட்கருவில் உருவாகும் இதை ஷீ2 புரதம் பற்றிக்கொள்ளும். ஷீ3 அதை மையோ4 என்ற மோட்டார் புரதத்தோடு (மயோசின் வகை) பிணைக்கும். மையோ4, செல்லுக்குள் தண்டவாளம்போல் ஓடும் ஆக்டின் இழைமேல் நடந்து, மகள் செல்லாக வளரும் மொட்டின் நுனியில் அதைச் சேர்த்துவிடும். அங்கே உருவாகும் ஆஷ்1 புரதம் எச்ஓ மரபணுவை அடக்குவதால், மகள் செல் இனச்சேர்க்கை வகையை மாற்றிக்கொள்ளாது.

நுண்ணோக்கியில் பச்சைப் புள்ளி தெரிவது பெரிய காரியமில்லை. அது முழு ஆர்.என்.ஏ-தானா, இழுப்பது மையோ4-தானா என்று காட்டுவதில்தான் வேலையே இருக்கிறது.

முதலில் ஈஸ்ட் ரகம். ஆஷ்1 மரபணுவின் வால்பகுதியில் (புரதக் குறியீடு முடிந்த பிறகு வரும் பகுதி) 24 எம்எஸ்2 வளையங்கள் கோத்திருக்க வேண்டும். இவை எம்எஸ்2 வைரஸிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ மடிப்புகள். ஒவ்வொரு வளையத்திலும், பச்சையாக ஒளிரும் புரதமான ஜிஎஃப்பி ஒட்டிய, அதே வைரஸின் உறைப்புரதம் இரண்டிரண்டாக உட்காரும். எல்லாம் நிரம்பினால் ஓர் ஆர்.என்.ஏ-வுக்கு 48 ஜிஎஃப்பி. கோக்கும் இடத்தில் கவனம் தேவை. ஆர்.என்.ஏ மொட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் நான்கு முகவரிப் பகுதிகளில் மூன்று புரதக் குறியீட்டுக்குள்ளேயே உள்ளன. நான்காவதான இ3 நிறுத்தக் குறியைத் தாண்டி வாலுக்குள் நீள்கிறது. நிறுத்தக் குறியை ஒட்டிச் செருகினால் இ3 உடையும். அதைக் கடந்து செருகுங்கள்.

பழைய வகை வளையங்களை இதற்கு எடுக்காதீர்கள். உறைப்புரதம் அவற்றை விடாப்பிடியாகப் பற்றுவதால், ஆர்.என்.ஏ-வை முன்முனையிலிருந்து தின்றுவரும் எக்ஸ்ஆர்என்1 நொதி வளையத்தில் முட்டி நின்றுவிடுகிறது. மிஞ்சும் துண்டுகள் குவிந்து, முழு ஆர்.என்.ஏ-வைவிடப் பளிச்சென்று ஒளிரும்! 2018-ல் வெளிவந்த எம்எஸ்2வி6 வளையங்களில் பிடி தளர்வாக இருப்பதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

இரவு வளர்த்த ஈஸ்ட் கலவையை ஒளி அடர்த்தி (செல்கள் எவ்வளவு நெருக்கம் என்பதன் அளவு) 0.05-க்கு நீர்த்து, 30 டிகிரியில் 0.2 முதல் 0.4 வரை வளர விடுங்கள். அதற்கு மேல் போனால் பெரிய மொட்டுள்ள செல்கள் குறைந்துவிடும். ஆஷ்1 உருவாவதோ பிரிவின் பிற்பகுதியில்தான். அடினைன் தயாரிக்க உதவும் ஏடிஇ2 மரபணு குறையுள்ள ரகம் என்றால் அடினைன் தாராளமாகச் சேருங்கள். இல்லாவிட்டால் சேரும் சிவப்பு நிறமி தானே ஒளிர்ந்து படத்தைக் கெடுக்கும்.

கண்ணாடியில், செல்களை ஒட்டவைக்கும் புரதமான கான்கனவாலின் ஏ-வை 1 மி.கி./மி.லி. அளவில் பத்து நிமிடம் வைத்து, கழுவி, உலர்த்துங்கள். செல்களை ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து, ஒட்டாதவற்றைக் கழுவி எடுங்கள். கழுவுவது குளுக்கோஸ் உள்ள வளர்ப்பூடகத்தில்தான், தண்ணீரில் அல்ல. குளுக்கோஸ் நின்றால் சில நிமிடங்களிலேயே ஆக்டின் இழைகள் குலையும். வேகமாகச் சுழற்றி வண்டலாக்கினாலும் அதே கதி. ஒரு செல்லில்கூடப் புள்ளி நகரவில்லை என்று வருவோரிடம் முதலில் கேட்க வேண்டியது, எதில் கழுவினீர்கள் என்பதுதான்.

100 மடங்கு எண்ணெய் லென்ஸ், 488 நானோமீட்டர் லேசர், ஒரு படத்துக்கு 50 மில்லிவினாடி. அரை மைக்ரான் இடைவெளியில் ஒன்பது அடுக்குகள் எடுத்தால் ஒரு சுற்று ஒரு வினாடிக்குள் முடியும். சுற்றுக்கு இரண்டு வினாடிக்கு மேல் ஆனால் எந்தப் புள்ளி எங்கே போனது என்ற தொடர்ச்சி அறுந்துவிடும்.

சரியாக அமைந்த செல்லில் உட்கரு மங்கலாக ஒளிரும். உறைப்புரதத்தில் உட்கருவுக்கான முகவரியும் இருப்பதால், வேலையில்லாதவை அங்கே ஒதுங்குகின்றன. அதற்கு வெளியே கூர்மையான புள்ளிகள் நடுங்கிக்கொண்டிருக்கும். திடீரென ஒன்று நேர்கோட்டில், தாயையும் மொட்டையும் இணைக்கும் கழுத்தைக் கடந்து மொட்டின் நுனியில் போய் நிற்கும். செல் முழுக்கப் பச்சையாக இருந்தால் உறைப்புரதம் அளவுக்கு மீறிவிட்டது. அதன் மரபணுவை இயக்குவது எம்இடி25 தூண்டி (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ பகுதி) என்றால், மெத்தியோனின் சேர்த்தால் குறையும். அசையாத பெரிய புள்ளி வந்தால் சந்தேகப்படுங்கள். ஆர்.என்.ஏ-வில் ஒட்டும் ஒளிரும் டி.என்.ஏ துண்டுகளைக் கொண்டு, குறியீட்டுப் பகுதிக்கு ஒரு நிறம், வளையத்துக்கு இன்னொரு நிறம் என்று ஒட்டுச்சோதனை செய்யுங்கள். வளைய நிறம் மட்டும் தெரிந்தால் அது துண்டு.

மையோ4 நீக்கிய ரகத்தை அதே நாளில், அதே அமைப்பில் படமெடுக்காமல் எதையும் எழுதாதீர்கள். அதில் புள்ளிகள் தாயிலும் மொட்டிலும் சிதறிக் கிடக்க வேண்டும். ஆக்டின் இழைகளைக் கலைக்கும் மருந்தான லாட்ரன்குலின் ஏ-வை 200 மைக்ரோமோலார் அளவில் பத்து நிமிடம் கொடுத்தும் ஆக்டினைக் குலைக்கலாம். ஒப்பீட்டுக் கிண்ணத்தில் மருந்தைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ-வை மட்டும் அதே அளவு விடுங்கள்.

வேகத்தை நேர்கோட்டு ஓட்டங்களில் மட்டும் அளந்து பாருங்கள். 1998-ல் முதன்முதலில் இப்படிப் பார்த்தபோது கிடைத்தது வினாடிக்கு 0.2 முதல் 0.44 மைக்ரான். நடுக்கத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எண் சுருங்கி, மோட்டார் சோம்பேறி என்ற பொய் முடிவு வரும்.