விமான நிறுவனம் மூடினால் ஊழியர்கள் செய்யக் கூடாத தவறுகள்

ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது 2019 ஏப்ரல் 17-இல். அதைக் கலைத்துவிட, அதாவது சொத்துகளை விற்றுக் கடனை அடைத்து மூடிவிட, உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2024 நவம்பர் 7-இல். ஐந்தரை ஆண்டு இழுத்த வழக்கில் ஊழியர் கைக்கு என்ன வரும் என்பது, தனக்கு வர வேண்டிய பாக்கியைக் கேட்டு அவர் கொடுத்த கோரிக்கைப் படிவத்தையும் பொறுத்தது.

அதில் நடக்கும் பெரிய தவறு, சம்பள பாக்கி, பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை) மூன்றையும் கூட்டி ஒரே தொகையாக எழுதுவது. சம்பள பாக்கி மற்ற கடன்களோடு வரிசையில் நிற்கும். பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன் நிதிகள் கலைப்புச் சொத்தில் சேராது என்கிறது திவால் சட்டத்தின் 36-ஆம் பிரிவு. ஜெட் ஊழியர்களின் பி.எஃப்., கிராஜுவிட்டி பாக்கியை முழுசாகத் தர வேண்டும் என்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் சொன்னது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. ஆகவே மூன்றையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

கிராஜுவிட்டிக் கணக்கிலும் சறுக்குவார்கள். சட்டப்படி கணக்கில் வரும் கடைசி மாதச் சம்பளத்தை (பேசிக், டி.ஏ. எனும் அகவிலைப்படி போன்றவை) 26-ஆல் வகுத்து, 15-ஆலும் சர்வீஸ் ஆண்டுகளாலும் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் போனால் அதுவும் ஓர் ஆண்டு. 40,000 ரூபாய், 11 ஆண்டு 7 மாதம் என்றால் 12 ஆண்டுக் கணக்கில் 2,76,923 ரூபாய். 11 என்று போட்டால் 23,077 ரூபாய் போச்சு.

பே ஸ்லிப்பில் ‘எக்ஸிகியூட்டிவ்’ என்று இருக்கிறதே என்று மெக்கானிக்கும் லோடரும் தங்களை ‘தொழிலாளர்’ என்பதற்குப் பதில் ‘ஊழியர்’ என்று குறித்துவிடுகிறார்கள். பதவியின் பெயரைவிட, பார்த்த வேலைதான் முக்கியம். ‘தொழிலாளர்’ என்றால் கலைப்புக்கு முந்தைய 24 மாத பாக்கி, அடமானக் கடன் கொடுத்த வங்கிகளுக்குச் சமமான இடத்தில் நிற்கும். மற்ற ஊழியருக்கு 12 மாதம்தான், அதுவும் அவர்களுக்குப் பிறகு.

நிறுவனத்தை மீட்க முயலும் திவால் நடவடிக்கையின்போது கோரிக்கைக்குப் படிவம் ‘டி’. கலைப்பு ஆணை வந்ததும் படிவம் ‘இ’. முதலில் கொடுத்ததையே கலைப்பிலும் எடுத்துக்கொள்வார்களா என்று அறிவிப்பில் பாருங்கள்; புதிதாகக் கொடுப்பதானால் கெடு 30 நாள். நியமன ஆணை, பே ஸ்லிப், வங்கிக் கணக்கு அறிக்கை மூன்றையும் இணையுங்கள். ஆபீஸ் மெயில் முடங்குவதற்குள் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

‘பாக்கி எதுவும் இல்லை’ என்ற வரியோடு வரும் செட்டில்மென்ட் காகிதத்தில், பணம் வராமல் கையெழுத்துப் போடவே கூடாது.

பராமரிப்பு இன்ஜினியர்களுக்கு இன்னொன்று: லைசென்ஸைப் பயன்படுத்த, முந்தைய 24 மாதத்தில் 6 மாதம் வேலை பார்த்த அனுபவம் காட்ட வேண்டும். லாக் புக்கில் (பார்த்த வேலையின் பதிவேடு) கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்து போவதற்குள் அதை வாங்கிவிடுங்கள்.