பெண் பிள்ளைகளைக் கணிதக் குரூப்புக்குக் கொண்டுவருவது எப்படி

முக்கூடல் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். ஒரு பிள்ளை இன்ஜினியர் ஆவாளா என்பது பத்தாவது ரிசல்ட் வந்த வாரமே, பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் என்ன குரூப் எழுதுகிறாள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200-இல் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியல், வேதியியல் தலா 50. டாக்டர் ஆசையும் இருந்தால் பயாலஜியும் கணிதமும் சேர்ந்த குரூப்பை எடுக்கட்டும்.

அதனால் மே மாதம் வரை காத்திருக்காதீர்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வீட்டுக்குப் போங்கள். சாயங்காலம் நல்லது. அம்மாவும் ஆச்சியும் பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கைக்குத்தான் வேலை, காது நமக்குக் கிடைக்கும். அப்பாவிடம் முதலில் பேசினால், "அம்மாட்ட கேட்டுச் சொல்லுதேன் டீச்சர்" என்பார். ஆச்சி சரி என்றால் வீடே சரி.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் மெக்கானிக்கல்? பெறவு அவளுக்கு மேல படிச்ச மாப்பிள்ளைய எங்க தேட?" என்று ஆச்சி கேட்பார். மாப்பிள்ளை விவகாரத்தில் வாதாடாதீர்கள், அதில் எந்த டீச்சரும் ஜெயித்ததில்லை. பணத்தைப் பேசுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகையும் இருக்கிறது; அம்மாவின் பீடி அடையாள அட்டையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ராத்திரி யாராவது ஒரு சித்தப்பா வாசித்துக் காட்டுவார்.

செங்கோட்டைக்காரர் நிகர் ஷாஜி திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். 2023-இல் விண்ணுக்குப் போன ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர். அவர் படத்தை வகுப்பில் ஒட்டலாம், தப்பில்லை. ஆனால் போன வருடம் அதே தெருவிலிருந்து காலேஜுக்குப் போன அக்காவைக் கூட்டி வந்தால் இன்னும் நன்றாக வேலை நடக்கும். ஹாஸ்டலில் தண்ணீர் வருமா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றெல்லாம் அவளிடம்தானே கேட்க முடியும்?

சேர்த்த பிறகு லேபைக் கவனியுங்கள். மின்தடையை அளக்கும் மீட்டர் பிரிட்ஜை எடுத்து வைத்ததும் பையன்கள் ஒயரைப் பிடித்துக்கொள்வார்கள். பெண் பிள்ளைகள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற பெயரில், ரீடிங் எழுத உட்கார்ந்துவிடுவார்கள். வருடம் முழுக்க இப்படியே போகும். என் லேபில் ஒரு விதி: தானே கனெக்‌ஷன் கொடுத்து, கழற்றி, மறுபடி கொடுக்காதவர் நோட்டில் ஒரு ரீடிங்கும் ஏறக் கூடாது. மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டர் முள் ஒரே பக்கமாக அடித்தால் ஓடிப்போய்ச் சரிசெய்யாதீர்கள். லூசாக இருக்கும் முனையை அவளே தேடட்டும். பக்கத்து மேசைப் பையன் கையை நீட்டினால், "ஏலே, ஒன் வேலையப் பாரு" போதும்.

அப்புறம் காகித வேலை. குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி என்றால், அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆதார், பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பிளஸ் ஒன்னிலேயே பார்த்துவிடுங்கள்.