பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் நின்றது

1957இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் பாணியில், சிறு பட்டறை ஒன்று கட்டிய வண்டி என்னுடையது. எடை 550 கிலோதான், கூரை பெயருக்குத்தான்.

இங்கிலாந்து மழையில் இரண்டு குளிர்காலம் ஓட்டியபின் ஒரு வினோதம். இடது இண்டிகேட்டர் போட்டால் பின்பக்கச் சிவப்பு விளக்கும் சேர்ந்து கண்சிமிட்டியது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரே நின்றுவிடும். பல்பை மாற்றினேன், ஃபியூஸை மாற்றினேன், ரிலேயையும் மாற்றினேன். வீண் செலவு.

அப்புறம்தான் உறைத்தது. பின் மட்கார்டு ஃபைபர்கிளாஸ். அதில் மின்சாரம் பாயாது. விளக்கின் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, தனி ஒயரில்தான் சேஸிக்கு, வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போகிறது. பிரேக்கை மிதித்தபடி ஒருவர் உட்கார, விளக்கின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: 3.1 வோல்ட்! கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டியது. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், பக்கத்து பல்பு வழியே ஓடியிருக்கிறது.

எர்த் ஒயரைச் சேஸியில் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினால், அடியில் மின்சாரம் கடத்தாத பவுடர் கோட்டிங் பெயின்ட் சுரண்டப்படாமல் அப்படியே இருக்கிறது, சுற்றிலும் துரு. உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசினேன். இப்போது 0.04.

சரி என்று வலப்பக்கத்தையும் பிரித்தேன். அங்கேயும் அதே கதை.