வெறும் 224 மீட்டர் மலைதானேன்னு கிளம்புறவங்க பண்ற தப்புகள்

லண்டன்ல இருந்து வீக்கெண்ட் நடக்கப் போலாம்னு பேச்சு வந்தாலே நம்ம ஆளுங்க யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிடுவாங்க: "பாக்ஸ் ஹில் 224 மீட்டர்தானே, நாங்க வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறினவங்க". சரிதான், ஏறினவங்கதான், ஆனா வெள்ளியங்கிரில பாதை ஒண்ணுதான், முன்னாடியும் பின்னாடியும் கூட்டம் போய்க்கிட்டே இருக்கும், தொலையணும்னு நினைச்சாக்கூட தொலைய முடியாது. இங்க பாக்ஸ் ஹில் இருக்குற சர்ரே கவுண்டி பக்கம் மலையே பெருசா மலை மாதிரி தெரியாது, புல்வெளி அலை அலையா ஏறி இறங்கும், நடுவுல ஒரு ஆறு, ஒரு வயல், ஒரு சின்னக் காடு, ஒவ்வொரு வேலி ஓரத்துலயும் பாதை ரெண்டா மூணாப் பிரியும். இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டும் சேர்த்து மக்களுக்கு நடக்க உரிமை இருக்குற பாதை மட்டும் சுமார் 2,25,000 கிலோமீட்டர். அவ்வளவு வழி இருக்குற ஊர்லதான் வழி தப்பும்.

முதல் தப்பு தூரத்தை மட்டும் பார்த்து டைம் போடுறது. "14 கிலோமீட்டர், மூணு மணி நேரம், லஞ்சுக்கு வீட்டுக்கு வந்துடலாம்"னு கணக்கு போடுவாங்க. நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1892லயே இதுக்கு ஒரு கணக்கு சொல்லிட்டுப் போயிருக்கார், சமதளத்துல மணிக்கு 5 கிலோமீட்டர், அதுக்கு மேல ஏறுற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் சேத்துக்கோ. இதுல மாட்டிக்கிறது எங்கன்னா, மலை 224 மீட்டர்னா நம்ம மொத்த ஏத்தமும் அதுக்குள்ளதான்னு நினைச்சுக்கிறோம், ஆனா இந்த மாதிரி மேடு பள்ளத்துல ஒரு தடவை ஏறி இறங்கி ஆத்தைத் தாண்டி மறுபடி ஏறி மறுபடி இறங்கின்னு நாள் முடியறப்ப 450 மீட்டர் ஏறியிருப்போம். அந்த 14 கிலோமீட்டரையும் சேத்தா கணக்குப்படியே மூணரை மணி நேரம். சேறு, பசங்க, போட்டோ, புளிசாதப் பொட்டலம் பிரிக்கிற அரை மணி நேரம் எல்லாம் சேர்ந்தா அஞ்சு மணி நேரம்னு வச்சுக்கோங்க. ஜூன்ல பரவால்ல, ராத்திரி ஒம்பது வரைக்கும் வெளிச்சம் இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வச்சதுக்கு அப்புறம் அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடும், டிசம்பர்ல நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் போயிடும். பதினோரு மணிக்கு மெதுவா ட்ரெயின் ஏறி பன்னெண்டரைக்கு நடக்க ஆரம்பிச்சா கடைசி ரெண்டு கிலோமீட்டர் போன் டார்ச்லதான் போகணும், அந்தப் போனும் குளிர்ல பாதி சார்ஜ்லயே செத்துப் போகும்.

அடுத்தது மேப். கூகுள் மேப்ஸை நம்பி வயலுக்குள்ள இறங்காதீங்க, அதுக்கு ரோடு தெரியும், எந்த வேலில எந்த மூலைல தாண்டணும்னு தெரியாது. பிரிட்டன் அரசோட மேப் நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே போடுற ஆரஞ்சு அட்டை எக்ஸ்ப்ளோரர் மேப்தான் நடக்கறவங்களுக்கு, 1:25,000 அளவு, பாக்ஸ் ஹில் பக்கத்துக்கு நம்பர் 146. அதே மேப் ஆப்லயும் கிடைக்கும். பிங்க் அட்டை லேண்ட்ரேஞ்சர் 1:50,000, அதுல வயல் வேலியே இருக்காது, வேலி தெரியலன்னா நீங்க வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னே தெரியாது.

சரி மேப் வாங்கியாச்சு, அதைப் படிக்கிறதுல ஒரு தப்பு இருக்கு, நானே பண்ணினது. எக்ஸ்ப்ளோரர்ல பச்சை கலர்ல சின்னச் சின்னக் கோடா போறது நடைபாதை, நீளக் கோடா போனா குதிரையும் சைக்கிளும் போகலாம். இது இல்லாம கறுப்புப் புள்ளி வரிசையா ஒண்ணு வளைஞ்சு வளைஞ்சு அழகா போகும். நான் அதைப் பாதைன்னு நினைச்சு இருபது நிமிஷம் ஒரு காட்டோரம் அதைப் பிடிச்சுக்கிட்டே போனேன், கூட வந்தவங்க "என்னப்பா பாதையே காணோம்"னு கேக்க கேக்க "மேப்ல இருக்குடா"ன்னு அடிச்சு சொல்லிக்கிட்டே போய், கடைசில ஆள் உயரத்துக்கு முள்வேலி முன்னாடி போய் நின்னோம். அந்தப் புள்ளி வரிசை பேரிஷ் எல்லை, அதாவது நம்ம ஊர்ல பஞ்சாயத்து எல்லை மாதிரி. தரைல அங்க ஒண்ணுமே இருக்காது. அன்னைக்கு சட்டை கிழிஞ்சது மிச்சம்.

தரைல இருக்குற அம்புக்குறியும் இதே மாதிரிதான், மஞ்சள் அம்பு நடக்க மட்டும், நீலம்னா குதிரையும் சைக்கிளும் வரும், சிவப்புன்னா காரே வரலாம். ஏக்கார்ன், அதான் ஓக் மரத்துக் கொட்டை, அந்தப் படம் போட்டிருந்தா நேஷனல் ட்ரெயில், அதாவது நெடுந்தூர நடைபாதை, பாக்ஸ் ஹில் வழியா போற நார்த் டவுன்ஸ் வே அப்படி ஒண்ணு. ஆனா அந்த ஏக்கார்னைப் பார்த்ததும் "ஆஹா இதுதான் நம்ம வழி"ன்னு அது பின்னாடியே போயிடுவாங்க, அது 153 மைல் போகும் சார், நீங்க ஸ்டேஷனுக்குத் திரும்ப வேண்டிய இடத்துல அது திரும்பாது.

பயிர் நிக்கிற வயலுக்கு நடுவுல பாதை போனா நம்ம மனசு கேக்காது, விவசாயி பாவம்னு ஓரமா சுத்திப் போவோம். இது நல்ல எண்ணம்தான், ஆனா இங்க சட்டம் வேற, பாதை நடுவுல போனா நடுவுலதான் போகணும், உழுதா கூட ரெண்டு வாரத்துக்குள்ள விவசாயியே அந்தப் பாதையை மறுபடி போட்டுக் கொடுக்கணும், குறைஞ்சது ஒரு மீட்டர் அகலம். ஓரமா சுத்துறப்பதான் உரிமை இல்லாத இடத்துல கால் வைக்கிறீங்க.

இப்ப ஆத்துக்கு வருவோம். பாக்ஸ் ஹில் அடிவாரத்துல மோல்னு ஒரு ஆறு ஓடுது, அதைத் தாண்ட 17 கல்லு போட்டிருக்காங்க, ரெண்டாம் உலகப்போர்ல எதிரி வந்துடக்கூடாதுன்னு எடுத்துட்டு 1946ல திரும்பப் போட்டப்ப அப்போதைய பிரதமர் அட்லியே வந்து திறந்து வச்சாராம். எல்லாரும் இந்தக் கல்லுல நின்னு போட்டோ எடுக்கத்தான் வர்றாங்க. ஒரு ஜனவரில நாங்க போனப்ப நல்ல வெயில், வானம் பளிச்சுன்னு இருக்கு, கீழ இறங்கிப் பார்த்தா ஆறு டீ கலர்ல ஓடுது, நடுவுல நாலு கல்லைக் காணோம், அது இருந்த இடத்துல தண்ணி லேசா முதுகு தூக்கிட்டு ஓடுது. கூட வந்த ஒருத்தன் ஷூவைக் கழட்டி கைல பிடிச்சுக்கிட்டான், "முட்டிக்காலுதான்டா இருக்கும்"னு. இல்லன்னு இழுத்துட்டு வந்தோம், கொஞ்ச தூரத்துலயே நடக்கற பாலம் இருக்கு. விஷயம் என்னன்னா இந்த ஆறு காட்விக் பக்கத்துல பொறக்குது, அங்க மண்ணு பூரா களிமண், மழை உள்ள இறங்காது, அப்படியே வழிஞ்சு ஆத்துக்கு வந்துடும், அதனால நேத்து அங்க பேஞ்ச மழை இன்னைக்கு நீங்க வெயில்ல நிக்கிறப்ப கல்லை மூடும். உங்க தலைக்கு மேல வானத்தைப் பார்த்து ஆத்தை எடை போடாதீங்க, ஆத்து மட்டம் ஆன்லைன்லயே வருது, கிளம்புறதுக்கு முன்னாடி பாருங்க. ஆத்தோரப் பாதைதானே சமமா ஈஸியா இருக்கும்னு வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்களும் கவனிங்க, குளிர்காலத்துல மலைப்பாதையை விட ஆத்தோரம்தான் மோசம், கணுக்கால் வரைக்கும் சேறு. மலை ஏறினா அங்க வேற பிரச்சினை, சாக்பீஸ் மாதிரி வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, நனைஞ்சா சோப்பு. ரன்னிங் ஷூ போட்டு இறங்குனா உக்காந்துதான் இறங்கணும்.

அப்புறம் மாடு. இதுல நம்ம ஆளுங்கதான் அதிகம் ஏமாறுவோம், ஏன்னா மாட்டோடயே வளர்ந்தவங்க, தட்டிக் கொடுத்து கழுத்தைச் சொறிஞ்சு பழக்கம். இங்க வயல்ல நிக்கிற மாடு மனுஷன் கை படாம வளர்றது, லட்சுமின்னு கூப்பிட்டா திரும்பாது. கன்னுக்குட்டி கூட நிக்கிற தாய்மாடு இருந்தா ரொம்ப தள்ளி சுத்திப் போங்க, கன்னுக்கும் தாய்க்கும் நடுவுல போகவே போகாதீங்க. இளங்காளைங்க கூட்டமா ஓடி வந்து பின்னாடியே நிக்கும், அது பெரும்பாலும் வேடிக்கை பாக்கத்தான், ஓடாம அமைதியா நடங்க. நாய் கூட்டிட்டுப் போனா கயிறு சின்னதா பிடிச்சுக்கணும், ஆனா மாடு துரத்த ஆரம்பிச்சிடுச்சுன்னா கயித்தை விட்டுடுங்க, மாட்டுக்குக் கோவம் நாய் மேல, நாய் தப்பிச்சிடும், நீங்க நடுவுல மாட்டிக்காதீங்க.

கேட் விஷயம் சின்னது, ஆனா சொல்லணும். திறந்திருந்த கேட்டை நல்லது பண்றதா நினைச்சு நம்ம மூடிட்டு வருவோம், மாடு தண்ணி குடிக்கப் போறதுக்குத்தான் அதைத் திறந்து வச்சிருப்பாங்க. எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டு வாங்க.

ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா காயாது. கோடைல ஷார்ட்ஸ் போட்டா பாதை ஓரத்துச் செந்தட்டி முழங்காலைப் பதம் பாக்கும், பெரணிப் புதர்ல உண்ணி இருக்கும், வீட்டுக்கு வந்ததும் முட்டி மடிப்பு, அக்குள், பசங்களுக்கு தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்க, கடிச்ச இடத்தைச் சுத்தி வட்டமா சிவப்பு பரவுனா டாக்டர்கிட்ட போங்க, உண்ணிக் கடில வர்ற லைம் நோய் பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். ஞாயித்துக்கிழமைன்னா ட்ரெயின் ஓடுதான்னு முதல்ல பாருங்க, பாதி ஞாயித்துக்கிழமை தண்டவாள வேலைன்னு பஸ் விடுவாங்க, கிராமத்து பஸ் அன்னைக்கு வரவே வராது. பப்ல சாப்டுக்கலாம்னு வெறுங்கையோட போனா மதியம் ரெண்டரைக்கு கிச்சன் மூடிட்டோம்னு சிப்ஸ் பாக்கெட்டை நீட்டுவாங்க.

கடைசியா போன். பள்ளத்தாக்குல இறங்கினா சிக்னல் போயிடும், மேப்பை வீட்லயே ஆஃப்லைன்ல இறக்கிடுங்க. போன் கால் போகாத இடத்துல கூட சில சமயம் மெசேஜ் போகும், ஆனா அவசர உதவி நம்பர் 999க்கு மெசேஜ் அனுப்பணும்னா முன்னாடியே பதிவு பண்ணியிருக்கணும், register-னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி 999க்கு அனுப்புனா திரும்ப ஒண்ணு வரும், அதுக்கு yes-னு போட்டா முடிஞ்சது. லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷன்ல ட்ரெயின் கிளம்பி கிளாப்ஹம் ஸ்டேஷன் வர்றதுக்குள்ள பண்ணிடலாம்.