"ஐநா கடும் கண்டனம்"னு செய்தி வந்தா அதை எப்படி படிக்கிறது

போர்ல ஒரு ஸ்கூல் மேலயோ ஆஸ்பத்திரி மேலயோ குண்டு விழுந்தா மறுநாளே "உலக நாடுகள் கடும் கண்டனம்"னு எல்லா இடத்துலயும் ஒரே தலைப்பு ஓடும். அதைப் பார்த்துட்டு பாதிப்பேர் "கண்டனம் சொல்லி என்னத்த கிழிச்சாங்க"ம்பாங்க, மீதிப்பேர் "ஐநாவே சொல்லிருச்சு, இனி தப்பிக்க முடியாது"ம்பாங்க, ரெண்டு தரப்புமே அந்த அறிக்கையை திறந்து கூட பார்த்திருக்காது. இத்தனைக்கும் பெரும்பாலான அறிக்கை ஒண்ணு ரெண்டு பக்கம்தான் இருக்கும், எதைத் தேடணும்னு தெரிஞ்சா அஞ்சு நிமிஷத்துல படிச்சு முடிச்சிடலாம்.

முதல்ல பேசினது யாருன்னு பாருங்க. ஐநான்றது ஒரு ஆள் இல்ல. பொதுச்செயலாளர் தனியா பேசுவார், யுனிசெஃப் தனியா பேசும், மனித உரிமை ஆணையர் ஆபீஸ் தனியா, மனித உரிமை கவுன்சில் தனியா. இது போக சிறப்பு அறிக்கையாளர்கள்னு ஒரு கூட்டம் உண்டு, அவங்க சம்பளம் வாங்காம வேலை பாக்கற சுயாதீன நிபுணர்கள், அவங்க சொல்றது ஐநாவோட அதிகாரபூர்வ நிலைப்பாடு கிடையாது. ஆனா செய்தில அத்தனை பேரும் "ஐநா"தான்.

இதுல பல் இருக்கறது பாதுகாப்புச் சபைக்கு மட்டும்தான், அதுலயும் மூணு தினுசு. பத்திரிகை அறிக்கைன்னா 15 நாடும் ஒத்துக்கிட்ட வாசகம், அதனாலயே பல சமயம் சப்புனு இருக்கும். சபைத் தலைவர் பேர்ல வர்ற தலைவர் அறிக்கை அதுக்கு ஒரு படி மேல. தீர்மானம்தான் ஓட்டுக்குப் போறது, 9 ஓட்டு வேணும், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் இந்த அஞ்சுல ஒண்ணு கூட எதிர்த்துப் போடக்கூடாது. 2023 டிசம்பர் 8 காசா போர்நிறுத்த ஓட்டையே எடுத்துக்கோங்க, 13 நாடு ஆதரவு, பிரிட்டன் ஓட்டே போடாம ஒதுங்கிக்கிச்சு, அமெரிக்கா ஒரே ஒரு கையைத் தூக்கி வீட்டோ பண்ணுச்சு, அவ்ளோதான் தீர்மானம் செத்துப்போச்சு. நாலு நாள் கழிச்சு அதே கோரிக்கை, எல்லா உறுப்பு நாடும் இருக்கற பொதுச்சபைக்குப் போனப்ப 153 ஆதரவு, 10 எதிர்ப்பு, 23 ஒதுங்கல். எண்ணிக்கையைப் பார்த்தா உலகமே ஒரு பக்கம்னு தோணும், நிஜமாவே அப்படித்தான், ஆனா பொதுச்சபைத் தீர்மானம் இந்த மாதிரி விஷயத்துல யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அதனால "ஐநாவில் தீர்மானம் நிறைவேறியது"ன்னு பார்த்தா எந்த சபைன்னு கேளுங்க, அதுலயே பாதி விஷயம் தெளிஞ்சிடும். பாதுகாப்புச் சபையில நிறைவேறினாலும் தகராறு தீராதுங்கறது வேற விஷயம். 2024 மார்ச் 25ல 2728ங்கற தீர்மானம் 14 ஓட்டோட நிறைவேறி உடனடிப் போர்நிறுத்தம் கோருச்சு, ஓட்டு போடாம ஒதுங்கின அமெரிக்கா அன்னைக்கே "இது யாரையும் கட்டுப்படுத்தாது"ன்னு சொல்லிட்டாங்க, மத்த நாடுகள் கட்டுப்படுத்தும்னு வாதாடினாங்க.

அடுத்தது, அறிக்கையில குத்தவாளி பேர் இருக்கான்னு பாருங்க. நான் எந்த அறிக்கையைத் திறந்தாலும் இதைத்தான் முதல்ல தேடுவேன். "குழந்தைகள் உயிரிழந்ததை வன்மையாகக் கண்டிக்கிறோம், எல்லாத் தரப்பும் கட்டுப்பாட்டோடு இருக்கணும்"னு இருந்தா குண்டு போட்டது யாருன்னே அதுல இல்ல, வானத்துல இருந்து தானா விழுந்த மாதிரி இருக்கும். சில சமயம் அதுக்கு நியாயமான காரணம் இருக்கும், விசாரணை முடிஞ்சிருக்காது. பல சமயம் பேர் போட்டா ஏதோ ஒரு நாடு கையெழுத்துப் போடாதுங்கறதுதான் காரணம்.

ஒரு தரப்புக்கு மட்டும் பேர் போட்டு இன்னொரு தரப்பை விட்டுடறதும் உண்டு, இது அதைவிட மோசம். 2009 மே மாசம் இலங்கையோட வன்னியில போர் முடிஞ்சு பத்து நாள் கூட ஆகல, 27ஆம் தேதி ஜெனீவால மனித உரிமை கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டுச்சு. புலிகள் மக்களை மனிதக் கேடயமா வச்சிருந்ததை அதுல கண்டிச்சாங்க. சரி, கண்டிக்க வேண்டியதுதான். ஆனா மக்கள் ஒதுங்கறதுக்குன்னு இலங்கை அரசாங்கமே அறிவிச்ச பாதுகாப்பு வலயத்துக்குள்ள அதே அரசாங்கம் அடிச்ச ஷெல்லுக்கு கண்டனம்னு ஒரு வரி இல்ல, அரசாங்கம் கொடுத்த வாக்குறுதிகளை வரவேற்கிறோம்னு மட்டும் இருந்துச்சு. 29 நாடு ஆதரவு, 12 எதிர்ப்பு, 6 ஒதுங்கல், இந்தியாவும் ஆதரவுதான். ரெண்டு வருஷம் கழிச்சு பொதுச்செயலாளர் போட்ட நிபுணர் குழு, கடைசி மாசங்கள்ல செத்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம்ங்கறதை மறுக்க முடியாதுன்னு எழுதுச்சு, 2012ல அதே கவுன்சில்ல இலங்கைகிட்ட பொறுப்புக்கூறலைக் கேட்டு வந்த தீர்மானத்துக்கு 24 ஓட்டு விழுந்தப்ப அதுல இந்தியா ஓட்டும் இருந்துச்சு. அதனால யாரைக் கண்டிக்கலைங்கறதையும் சேர்த்துப் படிங்க.

எண்ணிக்கை விஷயத்துலதான் நம்மாளுங்க அதிகமா சறுக்குறாங்க. சொல்லப்பட்டதுன்னு ஒண்ணு, சரிபார்க்கப்பட்டதுன்னு ஒண்ணு, பேரோட அடையாளம் காணப்பட்டதுன்னு ஒண்ணு, மூணும் வேற வேற. 2024 மே மாசம் ஐநாவோட மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் காசால இறந்த குழந்தைகள்னு 14,500க்கு மேல போட்டுட்டு இருந்தது, திடீர்னு 7,797னு மாத்துச்சு. உடனே "ஐநா பொய் சொல்லி மாட்டிக்கிச்சு, பாதியாக் குறைச்சிருச்சு"ன்னு ஒரே கூச்சல். நடந்தது என்னன்னா, மொத்த சாவு எண்ணிக்கை குறையவே இல்ல, 34,000க்கு மேலன்னு அப்படியேதான் இருந்துச்சு. அதுல பேர், வயசு எல்லாம் முழுசா உறுதியான 24,686 பேரை மட்டும் பிரிச்சா அதுக்குள்ள குழந்தைகள் 7,797, மீதி உடல்களோட விவரம் இன்னும் வந்து சேரல. பட்டியலோட கீழ பொடி எழுத்துல இருக்கற குறிப்பைப் படிச்சிருந்தா இந்தச் சண்டைக்கே வேலை இல்ல. சரிபார்க்கப்பட்ட எண்ணிக்கைன்னு பார்த்தா எப்பவும் அதைக் குறைஞ்சபட்சம்னு எடுத்துக்கோங்க, உள்ள போக முடியாத ஊர்ல நடந்தது அதுல வராது.

சட்டப் பக்கம் சுருக்கமா சொல்லிடறேன். போர்ல பொதுமக்கள் செத்தாலே போர்க்குற்றம்னு சட்டம் சொல்லல, இதைச் சொன்னா கோவம் வரும், ஆனா கோர்ட்ல கேள்வி அப்படித்தான் வரும். 1949 ஜெனீவா ஒப்பந்தங்களும் 1977 கூடுதல் நெறிமுறைகளும் கேக்கறது மூணு விஷயம்: பொதுமக்களையும் படையையும் பிரிச்சுப் பார்த்து அடிச்சாங்களா, கிடைக்கப்போற ராணுவ லாபத்துக்கு மீறின சேதம் வரும்னு தெரிஞ்சே அடிச்சாங்களா, முன்ஜாக்கிரதை எடுத்தாங்களா. ஆஸ்பத்திரிக்கு தனிப் பாதுகாப்பு, அங்கிருந்து எதிரிக்குக் கெடுதல் பண்ணாதான் அது போகும், அப்பவும் முதல்ல எச்சரிச்சு டைம் கொடுக்கணும். "எதிரி அங்க ஒளிஞ்சிருந்தான்"னு ஒரு வரி சொல்லிட்டு தப்பிச்சிட முடியாது.

கோர்ட்டும் ரெண்டு இருக்கு, ரெண்டுமே ஹேக் நகரத்துல இருக்கறதால எல்லாரும் குழப்பிக்கறாங்க. சர்வதேச நீதிமன்றம் நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கற வழக்கைப் பாக்கும், தென்னாப்பிரிக்கா இஸ்ரேல் மேல போட்ட வழக்கு அங்கதான். சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தனி ஆளைப் பிடிக்கறது. குழந்தைகளைப் படையில சேர்த்ததுக்காக காங்கோவோட தாமஸ் லுபாங்காவுக்கு 2012ல 14 வருஷம் ஜெயில் கொடுத்தது இதுதான், 2023 மார்ச்ல உக்ரைன் குழந்தைகளை சட்டவிரோதமா ரஷ்யாவுக்குக் கொண்டுபோனாங்கன்னு புடின் மேல வாரண்ட் போட்டதும் இதுதான். போலீஸ்தான் அதுக்குக் கிடையாது. 2024 செப்டம்பர்ல புடின், இந்தக் கோர்ட்டோட உறுப்பு நாடுங்கறதால அவரைப் பிடிச்சுக் கொடுக்க வேண்டிய மங்கோலியாவுக்கே போயிட்டு நிம்மதியா திரும்பி வந்தார்.

ஷேர் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு, போட்டோவை ரிவர்ஸ் இமேஜ் சர்ச்ல போட்டுப் பாருங்க, பழைய சிரியா படம் புது ஊர் பேர்ல சுத்திட்டே இருக்கு. உயிரோட இருக்கற குழந்தையோட முகம், பேர், இருக்கற இடம் தெரியற மாதிரி இருந்தா ஷேர் பண்ணாம விட்டுடுங்க.

இதெல்லாம் தாண்டி வருஷத்துக்கு ஒரே ஒரு ஆவணம்தான் படிப்பேன்னா, பொதுச்செயலாளரோட குழந்தைகளும் ஆயுத மோதலும் அறிக்கையைப் படிங்க, வழக்கமா ஜூன் மாசம் வரும். கொல்றது அல்லது ஊனமாக்கறது, படையில சேர்க்கறது, பாலியல் வன்முறை, கடத்தல், பள்ளி ஆஸ்பத்திரி மேல தாக்குதல், உதவிப்பொருளைத் தடுக்கறதுன்னு ஆறு கொடுமைகளைக் கணக்கெடுப்பாங்க. 2024ஆம் வருஷத்துக்கான அறிக்கையில சரிபார்த்த சம்பவங்கள் 41,370, அதுல 5,149 முந்தின வருஷங்கள்ல நடந்து அப்பதான் உறுதியானது. கடைசியில ஒரு பின்னிணைப்பு இருக்கும், எந்தப் படை, எந்தக் குழுன்னு பேரோட, அதை முதல்ல திறங்க. ஒவ்வொரு நாட்டுத் தூதரும் பயப்படறது அந்த லிஸ்டுக்குத்தான். 2016ல யேமன்ல குழந்தைகளைக் கொன்னதுக்காக சவுதி தலைமையிலான கூட்டணி பேரைச் சேர்த்தாங்க, சில நாள்லயே எடுத்துட்டாங்க. அப்ப பொதுச்செயலாளரா இருந்த பான் கி மூன் பிறகு வெளிப்படையாவே சொன்னார், நிதியை நிறுத்திடுவோம்னு அழுத்தம் வந்துச்சு, நிறுத்தினா வேற ஊர்கள்ல இருக்கற லட்சக்கணக்கான குழந்தைகளுக்குச் சோறு போகாதுன்னு. அதனால போன வருஷ லிஸ்டையும் இந்த வருஷ லிஸ்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ஏதாவது பேர் காணாமப் போயிருந்தா ஏன் எடுத்தாங்கன்னு அதே அறிக்கையில காரணம் தேடுங்க.